பந்தக்கால் குழியும் பூர்வ ஜென்மமும்

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மர ஸ்டூலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த ஒரு மணி நேரத்தில் ஒன்பது பேர் வந்தார்கள். ஒன்பது பேரும் ஒரே விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போனார்கள். சாத்துக்குடி கொண்டுவந்தவர் சொன்னார். ஹார்லிக்ஸ் பாட்டில் கொண்டுவந்தவர் சொன்னார். வெறுங்கையோடு வந்தவர் கொஞ்சம் கூடுதலாகவே சொன்னார்.

"எல்லாம் பூர்வ ஜென்ம கர்மா, அம்மா. அனுபவிச்சுத்தான் தீரணும்."

கேட்டுக்கொண்டு கட்டிலில் சாய்ந்திருந்தவர் தனலட்சுமி டீச்சர். வயது முப்பத்திரண்டு. திருச்சியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் டிரில் டீச்சர். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக்கு மூன்றாவது வீட்டின் பின்கட்டில் அம்மாவோடு வாடகைக்கு இருக்கிறார். வலது காலில் முழங்கால் வரை மாவுக்கட்டு. கணுக்காலில் இரண்டு இடத்தில் முறிவு. மூன்று மாதத்துக்குக் காலைத் தரையில் ஊன்றவே கூடாது என்று புத்தூர் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

வந்தவர்கள் எல்லோருக்கும் டீச்சர் ஒரே பதில்தான் வைத்திருந்தார்.

"ஆமாங்க. என் கர்மா. வேற என்ன சொல்றது?"

உடனே வந்தவர் முகத்தில் ஒரு நிம்மதி. தலையை ஆட்டிவிட்டு, இன்னும் இரண்டு நிமிஷம் உட்கார்ந்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே... அதை இங்கே முழுசாக எழுதினால் பத்திரிகை ஆசிரியர் வெட்டிவிடுவார். டிரில் டீச்சருக்குக் கால் போனால் என்ன மிச்சம்? ஆறு வருஷமாக டீச்சர் டெம்பரரி. மழையோ வெயிலோ, காலை ஆறு மணி டவுன் பஸ்ஸைப் பிடித்து, காவேரிப் பாலம் தாண்டிப் போய், முந்நூறு பெண்களை வரிசையாக நிற்கவைத்துக் கையைத் தூக்கச் சொல்லி, காலைத் தூக்கச் சொல்லி, தொண்டை கட்ட விசில் ஊதுகிறார். இந்த டிசம்பரில் பழைய டிரில் டீச்சர் ரிடையர் ஆகிறார். அந்த இடம் தனலட்சுமிக்குத்தான் என்று வாய்வார்த்தையாகச் சொல்லிவைத்திருந்தார்கள். அம்மாவையும் சேர்த்து இரண்டு வயிறு. அந்த நிரந்தர வேலை என்கிற ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

இப்போது அது ஆடிக்கொண்டிருக்கிறது. ஊரார் வந்து, ஆட்டுவது முன் ஜென்மம் என்று சர்டிபிகேட் கொடுத்துவிட்டுப் போகிறார்கள்.

ஒன்பது பேரில் கடைசியாக வந்தவர் எங்கள் பக்கத்து வீட்டுப் பட்டாபி. சாஸ்திரம் தெரிந்தவர். சும்மா ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகமாட்டார்.

"கர்மா மூணு விதம் டீச்சர். சஞ்சிதம்னா ஜென்ம ஜென்மமா சேர்ந்து கிடக்கறது. அதுலேர்ந்து இந்தப் பிறவிக்குன்னு கிளம்பி வந்துடுத்தே, அது ப்ராரப்தம். வில்லுலேர்ந்து விட்ட அம்பு மாதிரி. அதைத் திருப்பி அழைக்க முடியாது. பெருமாளே பார்த்துண்டு இருப்பார், அவ்வளவுதான்."

டீச்சர், "ஆமாங்க" என்றார்.

மூன்று விதம் என்று ஆரம்பித்தவர் இரண்டோடு நிறுத்திக்கொண்டதைக் கவனித்தீர்களா? நான் அப்போது கவனிக்கவில்லை.

எனக்கு ஞாபகம் வந்தது வேறு. போன ஜூன் மாதம் இதே பட்டாபியின் பையனுக்கு இன்ஜினியரிங் காலேஜில் இடம் கிடைத்தது. வீடு வீடாக மைசூர்பாகு கொடுத்தார். "ப்ராரப்தம்" என்ற வார்த்தை அன்று அவர் வாயில் வரவே இல்லை. "விழுந்து விழுந்து படிச்சான் சார். நானும் கூடவே உக்காந்தேன். உழைப்பு சார், உழைப்பு" என்றார். அதாவது, நம் பையன் பாஸ் செய்தால் உழைப்பு. அடுத்த வீட்டுப் பெண் கால் உடைந்தால் கர்மா. நமக்கு நல்லது நடந்தால் நாம் செய்தது. பிறத்தியாருக்குக் கெட்டது நடந்தால் அவர்கள் செய்தது — அதுவும் அவர்களுக்கே ஞாபகமில்லாத ஒரு பிறவியில்.

எத்தனை சௌகரியமான ஏற்பாடு, பாருங்கள். முன் ஜென்மத்து ஆசாமி எழுந்து வந்து, "ஐயா, நான் அப்படி ஒன்றும் செய்யவில்லையே" என்று மறுப்புச் சொல்ல முடியாது. எதை வேண்டுமானாலும் அவர் தலையில் கட்டலாம்.

சரி, டீச்சர் எப்படி விழுந்தார்? அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

ஐப்பசியில் என் பெண்ணுக்குக் கல்யாணம் நடந்தது. சத்திரம் வேண்டாம், வீட்டு வாசலிலேயே பந்தல் போட்டு நடத்தலாம் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். தெருவில் நான்கு வீட்டு அகலத்துக்குக் கீற்றுப் பந்தல். பந்தக்கால் நட எத்தனை பார்த்தோம் தெரியுமா? ராகு காலம் பார்த்தோம். எமகண்டம் பார்த்தோம். எந்த மூலையில் முதல் குழி தோண்டுவது என்று திசை பார்த்தோம். குழிக்குள் பாலும் நவதானியமும் விட்டு, காலுக்கு மஞ்சள் பூசி, மாவிலை கட்டி, ஐந்து சுமங்கலிகள் சேர்ந்து பிடித்து நட்டார்கள். நான் ஸ்டூலில் உட்கார்ந்ததற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை கல்யாணம் ஜோராக நடந்தது. செவ்வாய்க்கிழமை பந்தலைப் பிரித்தார்கள். இரண்டடி ஆழத்தில் பன்னிரண்டு குழிகள் தெருவில் அப்படியே கிடந்தன.

புதனும் வியாழனும் மழை. குழிகளில் தண்ணீர் நிரம்பி, தெருவில் மற்ற இடங்களில் தேங்கிய தண்ணீரோடு கலந்து, எது குட்டை எது குழி என்றே தெரியவில்லை. வெள்ளிக்கிழமை காலை டீச்சர் பஸ்ஸுக்கு வேகமாக நடந்து வந்தார். எதிரே ஒரு மாட்டுவண்டி வந்தது. ஓரமாக ஒதுங்கினார். சாதாரணத் தண்ணீர் என்று காலை வைத்தார். முழங்கால் வரை இறங்கியது. உடம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். என் வீட்டு வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த எனக்கு அந்தச் சத்தம் கேட்டது.

நான்தான் ஓடிப்போய்த் தூக்கினேன். நான்தான் டாக்ஸி பிடித்துப் புத்தூருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இதை எல்லோரிடமும் சொன்னேன். குழி என் வீட்டுப் பந்தல் குழி என்பது தெருவுக்கே தெரியும் என்பதால் அதைத் தனியாகச் சொல்லவில்லை.

அன்று டாக்ஸியில் வலியில் முனகிக்கொண்டிருந்த டீச்சரிடம் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "என்ன செய்யறது டீச்சர், எல்லாம் நேரம். யார் கையில என்ன இருக்கு?"

ஆக, ஒன்பது பேரைத் திட்டுகிறேனே, முதலில் ஆரம்பித்துவைத்த பத்தாவது ஆள் நான்தான்.

திங்கட்கிழமை ஆபீசில் பர்மிஷன் போட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துத் தாளாளரைப் பார்க்கப் போனேன். துணிக்கடை வைத்திருப்பவர். கடையிலேயே உட்காரச் சொன்னார். காபி வந்தது. மரியாதைக்குக் குறைவில்லை.

"தனலட்சுமி நல்ல டீச்சர்தான் சார். யார் இல்லைன்னா? ஆனா ஸ்போர்ட்ஸ் டே வருது. மூணு மாசம் யார் பாக்குறது? இன்னொரு பொண்ணு அப்ளிகேஷன் குடுத்திருக்கு. வர்ற வெள்ளிக்கிழமை கமிட்டி கூடுது."

"மாவுக்கட்டு பிரிச்சுட்டா அவங்க வந்துடுவாங்க சார். ஆறு வருஷ சர்வீஸ்..."

"நான் ஒருத்தன் சொல்லி என்ன சார் ஆகப்போகுது? கமிட்டியில ஒருத்தர் கேக்குறாரு — தன் காலையே பாத்து வைக்கத் தெரியாதவங்க, பிள்ளைங்களுக்கு என்ன டிரில் சொல்லித் தருவாங்கன்னு. கவனக்குறைவுங்கிறாரு. நான் என்ன பதில் சொல்ல? அவங்க தலையெழுத்து சார். நம்ம கையில இல்ல."

நம்ம கையில இல்ல! நியமன உத்தரவில் கையெழுத்துப் போடுகிற கையை மேஜை மேல் வைத்துக்கொண்டு சொல்கிறார், நம்ம கையில இல்ல என்று. எனக்குக் காது சூடாகிவிட்டது.

பிறகு அவர் கேட்டார். "ஆமா, அந்தக் குழி எப்படி வந்துச்சு தெருவுல?"

நேரான கேள்வி. பதிலும் நேராகச் சொல்லியிருக்கலாம்.

"ஏதோ கல்யாணப் பந்தல் குழி" என்றேன்.

ஏதோ! பெண்ணைப் பெற்று, பத்திரிகை அச்சடித்து, வாசலில் நின்று கும்பிட்டு வரவேற்றவனுக்கு அது ஏதோ கல்யாணம் ஆகிவிட்டது. யார் வீட்டுக் கல்யாணம் என்று அவரும் கேட்கவில்லை. நானும் மீதிக் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அந்தக் கோபத்தை எங்கேயாவது கொட்ட வேண்டியிருந்தது. நல்ல வேளையாக — அப்படித்தான் நினைத்தேன் — வாசலில் பந்தல்காரர் சின்னையன் நின்றுகொண்டிருந்தார். மீதியிருந்த சவுக்குக் கம்புகளைக் கைவண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். என் பெண் பிறப்பதற்கு முன்பிருந்தே எங்கள் வீட்டு விசேஷங்களுக்குப் பந்தல் போடுகிறவர்.

பிடித்துக்கொண்டேன். "ஏன்யா, குழி தோண்டத் தெரியுது, மூடத் தெரியாதா? ஒரு பொண்ணோட பொழப்பு போச்சே, உனக்கு மனசாட்சி இருக்கா?" தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன். முனிசிபாலிட்டியை இழுத்தேன். நாடு உருப்படாது என்றேன்.

சின்னையன் கம்பைக் கீழே வைத்தார். குரலை உயர்த்தவில்லை.

"சாமி, செவ்வாக்கிழமை பந்தலைப் பிரிச்சதும் மம்பட்டியை எடுத்துட்டு வந்தேன். மூடிட்டுப் போறேன்னேன். நீங்கதான் வேணாம்னீங்க."

"நானா?"

"நீங்கதான் சாமி. கல்யாணம் நடந்த வாசல்ல செவ்வாக்கிழமை அதுவுமா மண்ணை அள்ளிப் போடாதே, பொண்ணும் மாப்பிள்ளையும் உள்ள இருக்காங்கன்னு சொன்னீங்க. ரெண்டு நாள் கழிச்சு வான்னீங்க. அப்பறம் மழை புடிச்சுக்கிச்சு. வராதது என் தப்புதான். ஆனா அன்னைக்கே மூடியிருப்பேன் சாமி."

சொல்லிவிட்டுக் கம்பைத் தூக்கி வண்டியில் வைத்தார்.

ஞாபகம் வந்துவிட்டது. ஒரு வார்த்தை பிசகாமல் நான் சொன்னதுதான். வெற்றிலை போட்டுக்கொண்டு, பெரிய மனுஷத் தோரணையில், கையை இப்படி ஆட்டிச் சொன்னேன். சொன்னதை மறக்க எனக்கு ஒரு வாரம்கூடப் பிடிக்கவில்லை.

உள்ளே போனேன். என் மனைவி எல்லாவற்றையும் ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

"டீச்சர் விழணும்னு இருந்தது, விழுந்தாச்சுன்னு ஊரே சொல்றது. சரி, அப்படியே இருக்கட்டும்" என்றாள். "குழியை மூடாதேன்னு சொன்னேளே, அது யாரோட கர்மா? அதுவும் டீச்சரோடதா?"

மாடிக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன்.

அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் பட்டாபி சொல்லாமல் விட்ட அந்த மூன்றாவது சமாசாரம் உறைத்தது. ஆகாமியம். இப்போது, இந்த நிமிஷம், நம் கையால், நம் வாயால் நாம் செய்துகொண்டிருக்கும் கர்மா. பழையதை மாற்ற முடியாமல் இருக்கலாம், ஆனால் இது முழுக்க முழுக்க உன் இஷ்டம், நீயே பொறுப்பு என்று சாஸ்திரம் தெளிவாகச் சொல்லிவைத்திருக்கிறது. நான் சாஸ்திரத்தைத் திட்டவில்லை, ஐயா. அதில் பாதியைக் கிழித்து எடுத்துக்கொண்டு மீதியைப் பரணில் போட்டுவிட்ட நம்மைத்தான் திட்டுகிறேன். நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து யாராவது ஆகாமியத்தைப் பற்றிப் பேசி நீங்கள் கேட்டதுண்டா? எப்படிப் பேசுவார்கள்? அது உட்கார்ந்திருப்பவரைப் பற்றியது அல்லவா!

கர்மா என்று ஒருவர் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொண்டால், அது வலியைத் தாங்க ஒரு வழி. அதையே எதிரே படுத்திருப்பவரைப் பார்த்துச் சொன்னால் அயோக்கியத்தனம். இரண்டுக்கும் ஒரே வார்த்தை இருப்பதால் நமக்கு வித்தியாசம் தெரிவதில்லை.

இன்னொன்று பாருங்கள். செவ்வாய்க்கிழமை மண் போட்டால் என் பெண்ணின் எதிர்காலத்துக்கு ஏதாவது வந்துவிடும் என்று பயந்தேனே, அப்போது விதி மாற்றக்கூடியதாக இருந்தது. நான் கையை ஆட்டினால் திசை திரும்பும் என்று நம்பினேன். வெள்ளிக்கிழமை டீச்சர் விழுந்ததும் அதே விதி யாராலும் அசைக்க முடியாததாக ஆகிவிட்டது. மூன்று நாளில் எப்படி இத்தனை கெட்டிப்பட்டது? என் பெண் விஷயத்தில் வளைந்துகொடுத்த விதி, இன்னொருத்தி பெற்ற பெண் விஷயத்தில் மட்டும் ஏன் கல்லாகிவிட்டது?

செவ்வாய்க்கிழமை மாலை டீச்சர் வீட்டுக்குப் போனேன். டீச்சரின் அம்மா கதவைத் திறந்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அதே ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

"டீச்சர், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். பந்தல்காரர் குழியை மூடறேன்னுதான் சொன்னார். நான்தான்..."

"வேணாம்னீங்க" என்றார் டீச்சர்.

திகைத்துப் போனேன்.

"எங்கம்மா அப்ப குழாயடியில தண்ணி பிடிச்சுக்கிட்டு இருந்தாங்க சார். நீங்க சொன்னதைக் கேட்டாங்க. அன்னிக்கே எங்கிட்ட சொன்னாங்க."

"தெரிஞ்சுமா கர்மா கர்மான்னு சொல்லிண்டிருந்தீங்க? எங்கிட்டகூட ஒரு வார்த்தை கேக்கலையே?"

டீச்சர் என்னை நேராகப் பார்த்தார். ஆறு வருஷத்தில் அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

"வேற என்ன சார் சொல்லச் சொல்றீங்க? நாங்க இந்தத் தெருவுல வாடகைக்கு இருக்குறவங்க. பழத்தை எடுத்துக்கிட்டு வர்றவங்ககிட்ட, உங்க தெரு ஆளுதான் என் காலை உடைச்சாருன்னு சொல்ல முடியுமா? கர்மான்னு சொன்னா எல்லாரும் சீக்கிரம் எழுந்து போயிடுறாங்க சார். எனக்கு வலி. படுக்கணும். அதுக்காகச் சொன்னேன்."

உள்ளே பாத்திரம் வைக்கிற சத்தம் மட்டும் கொஞ்சம் பலமாகவே கேட்டது.

மன்னிப்புக் கேட்டேன். டீச்சர் அதைக் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

"மன்னிப்பை வச்சுக்கிட்டு நான் என்ன சார் பண்றது? என்னைக் கவனக்குறைவுன்னு கமிட்டியில பேசுறாங்களாம். அதுக்கு எழுதிக் குடுங்க. நீங்கதான் வாரா வாரம் எழுதுறவராச்சே."

அங்கேயே பேப்பர் வாங்கி எழுத உட்கார்ந்தேன். "எதிர்பாராத விதமாக எங்கள் வீட்டு வாசலில் நேர்ந்த விபத்தில்..." என்று ஆரம்பித்தேன். டீச்சர் கையை நீட்டினார். வாங்கிப் படித்தார். திருப்பிக் கொடுத்தார்.

"எதிர்பாராத விதமாவா சார்? ரெண்டடிக் குழியைத் தெருவுல விட்டா ஆள் விழுவாங்கன்னு எதிர்பார்க்க மாட்டாங்களா? அதை அடிச்சிடுங்க. நேர்ந்தது கீர்ந்ததுன்னு எழுதாதீங்க. குழி என்னோடது, மூட வந்தவரை நான் தடுத்தேன்னு எழுதுங்க."

அடித்தேன். அவர் சொன்னபடியே எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். இத்தனை வருஷமாக எழுதுகிறேன், என் எழுத்தை இவ்வளவு கறாராகத் திருத்தியவர் யாருமில்லை.

புதன்கிழமை காலையில் கடிதத்தைத் தாளாளரிடம் நேரில் கொடுத்தேன். அவர் முன்னாலேயே உரக்கப் படித்தும் காட்டினேன். கடையில் புடவை பார்க்க வந்த இரண்டு பெண்மணிகள்கூடக் கேட்டார்கள். தாளாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கமிட்டியில வைக்கிறேன் சார்" என்றார். அவ்வளவுதான். குழிகளை மூடியாயிற்று, சின்னையனும் நானும் சேர்ந்து மூடினோம். அதனால் டீச்சரின் எலும்பு கூடிவிடப் போவதில்லை.

இந்தப் பத்தி அச்சாகி உங்கள் கைக்கு வரும்போது கமிட்டி கூடி முடிந்திருக்கும். ஐந்து பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, டீ குடித்து, கையைத் தூக்கி எடுக்கப்போகும் முடிவு அது. நல்லதாக இருக்கட்டும் என்று ஆசைப்படுகிறேன். கெட்டதாக இருந்தால், மறுபடியும் போய் அந்தக் கடை வாசலில் நிற்பேன்.

ஆனால் எது நடந்தாலும், ஐயா, ஐந்து பேர் கையைத் தூக்கிச் செய்வதற்கு விதி என்று மட்டும் பெயர் வைக்காதீர்கள்.